கணவரின் பாக்கிக்கு என் ரீஃபண்டைப் பிடிக்கலாமா?

கேள்வி: நியூ ஜெர்சியில் இருக்கிறோம். கல்யாணமாகி நான்கு வருடம், இரண்டு வயதில் ஒரு மகன். என் கணவருக்கு இது இரண்டாவது திருமணம். முதல் திருமணத்தில் பிறந்த மகள் ஒஹாயோவில் தன் அம்மாவோடு இருக்கிறாள். 2023-ல் அவருக்கு எட்டு மாதம் வேலை இல்லாமல் போனது. அப்போது சைல்டு சப்போர்ட் (மகளின் பராமரிப்புக்கு மாதாமாதம் தர வேண்டிய தொகை) கட்டவில்லை. வேலை கிடைத்ததும் சம்பளத்தில் மாதாமாதம் பிடிக்க ஆரம்பித்துவிட்டார்கள், அதனால் பழைய பாக்கியை நான் யோசிக்கவே இல்லை. 2024 வரிக் கணக்கை இருவரும் சேர்ந்து தாக்கல் செய்தோம். 3,765 டாலர் ரீஃபண்ட், அதாவது கூடுதலாகப் பிடித்த வரி, திரும்ப வர வேண்டியது. பணத்துக்குப் பதில் ஒரு கடிதம்தான் வந்தது: முழுத் தொகையையும் பாக்கிக்கு எடுத்துக்கொண்டார்களாம். பாக்கி 5,900 டாலர் இருந்தது என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். என் சம்பளம் 62,000, அதில் வரிப் பிடித்தம் 6,800. அவருடையது 48,000, பிடித்தம் 4,200. நான் கட்டிய வரியை எப்படி எடுக்கலாம்? அடுத்த வருடம் தனித்தனியாகத் தாக்கல் செய்துவிடட்டுமா? நான் ராத் ஐ.ஆர்.ஏ.வில் (ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கு) பணம் போடுகிறேன். இப்போது மாமியார் மகனைப் பார்த்துக்கொள்கிறார், செப்டம்பரிலிருந்து டேகேர். இன்னொன்று: என் பங்கைத் திரும்பக் கேட்டால் அந்தப் பெண் குழந்தையின் கையிலிருந்து பிடுங்கியது மாதிரி ஆகுமோ என்று மனசு உறுத்துகிறது.

பதில்: உங்கள் பங்கு உங்களுக்குத் திரும்பக் கிடைக்கும், சகோதரி. நீங்கள் கொடுத்த எண்களை வைத்துப் பார்த்தால் சுமார் 3,330 டாலர். அதற்கென்று ஐ.ஆர்.எஸ்.ஸில் (மத்திய அரசின் வரித் துறை) ஒரு படிவம் இருக்கிறது, எண் 8379. ஆனால் நீங்கள் கேட்டால்தான் கொடுப்பார்கள், தானாக வராது.

முதலில் இது எப்படி நடந்தது என்று சொல்லிவிடுகிறேன். சைல்டு சப்போர்ட் பாக்கி 500 டாலரைத் தொட்டுவிட்டால் மாநில சைல்டு சப்போர்ட் அலுவலகம் அந்தப் பெயரையும் சோஷியல் செக்யூரிட்டி எண்ணையும் மத்திய அரசுக்கு அனுப்பலாம். குழந்தையின் குடும்பம் அரசின் பண உதவி பெற்றிருந்தால் 150 டாலரே போதும். ஐ.ஆர்.எஸ். ரீஃபண்ட் கொடுக்கச் சொன்னதும் கருவூலத் துறை அந்தப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்கும். பெயர் இருந்தால் அங்கேயே பிடித்துக்கொள்ளும். 1981-ல் கொண்டுவந்த ஏற்பாடு இது. சேர்ந்து தாக்கல் செய்யும்போது ரீஃபண்ட் இருவர் பெயரிலும் ஒரே தொகையாகத்தான் போகிறது. அதில் உங்கள் பங்கு எது, அவர் பங்கு எது என்று அந்த இடத்தில் யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை.

அதனால் ஐ.ஆர்.எஸ்.ஸை அழைத்துச் சண்டை போட்டுப் பயனில்லை. பாக்கி எவ்வளவு, சரியா தப்பா என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியாது. உங்களுக்கு வந்த கடிதத்தில் மூன்று விஷயங்கள் இருக்கும்: மொத்த ரீஃபண்ட் எவ்வளவு, எவ்வளவு எடுத்தார்கள், எந்த அலுவலகத்துக்குப் போனது. அந்த அலுவலகத்தின் தொலைபேசி எண்ணும் இருக்கும். பாக்கித் தொகையில் சந்தேகம் இருந்தால் உங்கள் கணவர் அங்கேதான் பேச வேண்டும்.

இனி உங்கள் பங்கு. கணவன் மனைவி தனித்தனியாகக் கணக்குப் போட்டிருந்தால் ஆளுக்கு எவ்வளவு வரி வந்திருக்குமோ, அந்த விகிதத்தில் ஐ.ஆர்.எஸ். கூட்டு வரியைப் பிரிக்கும். உங்கள் 2024 கூட்டு வரி 9,235 டாலர். அதில் உங்கள் பங்கு 5,469, அவர் பங்கு 3,766. மகனுக்கான 2,000 டாலர் வரிச் சலுகையை, குழந்தையை யார் தன் கணக்கில் காட்டியிருப்பாரோ அவருக்குக் கொடுப்பார்கள். உங்கள் பக்கம் காட்டினால் உங்கள் வரி 3,469 ஆகிறது. நீங்கள் கட்டியது 6,800. மீதி 3,331 உங்களுடையது. அவருக்கு மிஞ்சுவது 434 டாலர், அது பாக்கிக்குப் போவது நியாயம்தான். ஆக, எடுத்த தொகையில் பத்தில் ஒன்பது பங்குக்குக் கொஞ்சம் குறைவாக உங்கள் பணம். சும்மா விட்டுவிடும் தொகை இல்லை.

நியூ ஜெர்சியில் இருப்பதால் கணக்கு இவ்வளவு நேராகப் போகிறது. டெக்சாஸ், கலிஃபோர்னியா, வாஷிங்டன், அரிசோனா உள்ளிட்ட 9 மாநிலங்களில் கல்யாணத்துக்குப் பிறகு சம்பாதிப்பது இருவருக்கும் பொதுச் சொத்து. அங்கே இருப்பவர்கள் இந்த எண்களைப் பார்த்து நம்பிவிட வேண்டாம், மாநிலச் சட்டப்படிதான் பிரிப்பார்கள், முடிவு வேறு மாதிரி வரும்.

படிவத்தில் பாதி வேலை ஒரு அட்டவணைதான். மூன்று பத்தி இருக்கும்: முதலில் கூட்டுக் கணக்கில் காட்டிய தொகை, அடுத்து உங்களுடையது, கடைசியில் அவருடையது. சம்பளத்துக்கான வரிசையில் 1,10,000, 62,000, 48,000 என்று எழுதுவீர்கள். ஸ்டாண்டர்டு டிடக்ஷன் (வரி போடுமுன் வருமானத்தில் கழிக்கும் நிலையான தொகை) 29,200, ஆளுக்குப் பாதி. பிடித்தம் 11,000, 6,800, 4,200. பின்னிரண்டு பத்தியையும் கூட்டினால் முதல் பத்தி வர வேண்டும். வரியைப் பிரிக்கும் கணக்கை நீங்கள் போட வேண்டாம், ஐ.ஆர்.எஸ். போட்டுக்கொள்ளும். பெயரையும் சோஷியல் செக்யூரிட்டி எண்ணையும் வரிக் கணக்கில் எந்த வரிசையில் எழுதினீர்களோ அதே வரிசையில் எழுதுங்கள். யார் பாதிக்கப்பட்டவர் என்பதற்குத் தனிக் கட்டம் இருக்கிறது, அதில் உங்களைக் குறியுங்கள். கணவர் பெயர் முதலில் இருக்கிறதே என்று பலர் மாற்றி எழுதிவிடுகிறார்கள்.

நீங்கள் ஏற்கெனவே கணக்குத் தாக்கல் செய்துவிட்டதால் இந்தப் படிவத்தைத் தனியாக அனுப்ப வேண்டும். இருவருடைய டபிள்யூ-2 (வருடச் சம்பளமும் பிடித்தமும் காட்டும் படிவம்) நகல்களையும் சேர்த்து வையுங்கள். பிடித்தம் காட்டும் 1099 (சம்பளமல்லாத வருமானத்துக்கான படிவம்) இருந்தால் அதுவும். வரிக் கணக்கின் நகலை வைக்க வேண்டாம். கையெழுத்து உங்களுடையது மட்டும் போதும். இதை முக்கியமாகச் சொல்கிறேன், ஏனென்றால் கணவர் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறார் என்று எழுதிய பெண்களும் உண்டு. அவர் சம்மதம் தேவையில்லை. தனியாக அனுப்பினால் பொதுவாக 8 வாரம் ஆகும்.

இதே போல ஒலிக்கும் இன்னொரு படிவம் இருக்கிறது, 8857. கணவர் வருமானத்தை மறைத்து அதனால் வந்த வரிக்கு மனைவி பொறுப்பில்லை என்று சொல்வதற்கான படிவம் அது. உங்களுக்கு அது வேண்டாம். தப்பான படிவத்தை அனுப்பிவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

காலக்கெடு, கணக்குத் தாக்கல் செய்ய வேண்டிய நாளிலிருந்து மூன்று வருடம். 2024 கணக்குக்கு 2028 ஏப்ரல் வரை இருக்கிறது. சரி, சென்ற வருட ரீஃபண்ட் உங்கள் வங்கிக்கு வந்ததா? ஞாபகம் இல்லை என்றால் ஐ.ஆர்.எஸ். இணையக் கணக்கில் 2023-க்கான டிரான்ஸ்கிரிப்டை (அந்த வருடக் கணக்கின் விவரப் பட்டியல்) எடுத்துப் பாருங்கள். அதில் 898 என்ற எண்ணோடு ஒரு பதிவு இருந்தால் அந்த வருடமும் வேறு கடனுக்கு எடுத்திருக்கிறார்கள் என்று பொருள். அதற்குத் தனியாக இன்னொரு 8379. ஒவ்வொரு வருடத்துக்கும் ஒன்று. மாநில ரீஃபண்டையும் பிடித்திருந்தால் இந்தப் படிவம் அங்கே செல்லாது, நியூ ஜெர்சி வரித் துறையிடம் தனியாகக் கேட்க வேண்டும்.

மூன்று வருடம் இருக்கிறதே என்று தள்ளிப்போடாதீர்கள். உங்கள் மனசு உறுத்துகிறது என்றீர்களே, அதற்கான பதிலும் இங்கேதான் இருக்கிறது. கூட்டுக் கணக்கிலிருந்து எடுத்த பணத்தை ஒஹாயோ அலுவலகம் உடனே குழந்தையின் அம்மாவுக்குக் கொடுத்தாக வேண்டும் என்பதில்லை. உங்களைப் போன்றவர்கள் கேட்கலாம் என்பதற்காகவே ஆறு மாதம் வரை நிறுத்தி வைக்க விதி இடம் தருகிறது. அதற்குள் நீங்கள் கேட்டுவிட்டால் பணம் அங்கிருந்தே திரும்பிவிடும், அந்த அம்மாவுக்குத் தெரியக்கூடத் தெரியாது. தாமதித்தால் பணம் அவர் கைக்குப் போய், வாடகைக்கோ பள்ளிக்கோ செலவாகியிருக்கும். அப்புறம் ஐ.ஆர்.எஸ். அதை மாநிலத்திடம் கேட்கும், மாநிலம் அவரிடம் கேட்கலாம். அந்தக் குழந்தைக்கு உண்மையில் கஷ்டம் வருவது அப்போதுதான். எனவே இந்த வாரமே அனுப்புங்கள்.

ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். உங்களுக்குத் திரும்பும் 3,331 டாலர் உங்கள் கணவரின் பாக்கியில் மறுபடி ஏறும். 5,900-ல் 434 மட்டுமே கழியும், மீதி 5,466 அப்படியே நிற்கும். அவர் அமெரிக்கக் குடிமகன் என்றால், 2,500 டாலருக்கு மேல் பாக்கி இருப்பவருக்குப் பாஸ்போர்ட் கொடுக்க மாட்டார்கள், புதுப்பிக்கவும் மாட்டார்கள். ஊரில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்று போன் வரும் அன்றைக்குத்தான் இது தெரியவரும். கிரீன் கார்டு என்றால், குடியுரிமை விண்ணப்பத்தில் பிள்ளைக்குக் கட்ட வேண்டியதைக் கட்டாமல் விட்டதுண்டா என்ற கேள்வி இருக்கிறது. வேண்டுமென்றே கட்டாமல் விட்டதாக முடிவு செய்தால் விண்ணப்பத்தையே நிராகரிக்கலாம்.

அவர் வேலை இழந்த எட்டு மாதம் பற்றி எனக்கு வருத்தம்தான். வேலை போன வாரமே ஒஹாயோ அலுவலகத்துக்கு எழுதி, தொகையைக் குறைக்கச் சொல்லி மனுக் கொடுத்திருக்கலாம். மனுக் கொடுத்த பிறகு வரும் மாதங்களுக்குத்தான் குறைக்க முடியும். ஏறிவிட்ட பாக்கியைப் பின்தேதியிட்டுக் குறைக்க எந்த நீதிபதிக்கும் அதிகாரம் இல்லை, 1986-லிருந்து சட்டம் அப்படி. இதைப் படிக்கும் யாருக்காவது இப்போது லே-ஆஃப் வந்திருந்தால், ரெஸ்யூமே திருத்துவதற்கு முன்னால் இந்த மனுவைக் கொடுங்கள். உங்கள் கணவர் இப்போது செய்யக்கூடியது, அந்த அலுவலகத்தை அழைத்து மாதாமாதம் பிடிப்பதில் பழைய பாக்கிக்கு எவ்வளவு போகிறது என்று கேட்பது. முடிந்தால் அதைக் கூட்டச் சொல்வது.

உங்கள் சம்பளத்தில் கை வைக்க மாட்டார்கள். அது அவர் கடன், உங்கள் கடன் இல்லை. ஆனால் இருவர் பெயரிலும் வங்கிக் கணக்கு இருந்தால் கவனம். பாக்கி வைத்திருப்பவர் பெயரில் உள்ள கணக்குகளை மாநிலங்கள் வங்கிகளிடமிருந்து கேட்டுப் பெறுகின்றன, முடக்கவும் முடியும். பாக்கி தீரும்வரை உங்கள் சம்பளம் உங்கள் தனிக் கணக்கில் விழட்டும். இதைக் கணவரிடம் சொல்லிவிட்டே செய்யுங்கள். ஏற்கெனவே ஒரு விஷயம் மறைந்து கிடந்து இருவரையும் புண்படுத்தியிருக்கிறது.

தனித்தனியாகத் தாக்கல் செய்யலாமா என்று கேட்டீர்கள். 2024 எண்களில் பார்த்தால் வரி வித்தியாசம் முப்பது டாலர் சொச்சம்தான், காத்திருக்கவும் வேண்டாம். உங்கள் கேள்வியில் ராத் ஐ.ஆர்.ஏ. என்ற சொல் இல்லாவிட்டால் சரி என்று சொல்லியிருப்பேன். ஒரே வீட்டில் இருந்துகொண்டு தனித்தனியாகத் தாக்கல் செய்பவர், வருமானம் 10,000 டாலரைத் தொட்டாலே ராத்தில் ஒரு டாலர்கூடப் போட முடியாது. போட்டிருந்தால் எடுக்கும்வரை வருடத்துக்கு 6 சதவீத அபராதம். டேகேர் செலவுக்கான வரிச் சலுகையும் பொதுவாகப் போய்விடும். 2025 கணக்கில் அது உங்களுக்கு 600 டாலர் வரை வரக்கூடியது. ஆகவே சேர்ந்தே தாக்கல் செய்யுங்கள், ஆனால் 8379-ஐ முதலிலேயே கணக்கோடு இணைத்து மின்னணு முறையில் அனுப்புங்கள். 11 வாரம் ஆகும்.

அதைவிட நல்ல வழி, அவ்வளவு பெரிய ரீஃபண்டே வராமல் பார்த்துக்கொள்வது. உங்கள் அலுவலகத்தில் புதிய டபிள்யூ-4 (சம்பளத்தில் எவ்வளவு வரி பிடிக்க வேண்டும் என்று சொல்லும் படிவம்) கொடுத்து, மூன்றாவது கட்டத்தில் மகனுக்கான சலுகையை, 2025 வரி வருடத்திலிருந்து அது 2,200 டாலர், காட்டுங்கள். கணவர் தன் படிவத்தில் அதைக் காட்டக் கூடாது, ஒருவர்தான் காட்டலாம். இரண்டு வாரச் சம்பளம் என்றால் முழு வருடத்தில் ஒவ்வொரு முறையும் சுமார் 85 டாலர் கூடுதலாகக் கைக்கு வரும். பணம் மாதாமாதம் உங்களிடமே இருந்தால் பிறகு யாரிடமும் கேட்டு வாங்க வேண்டியதில்லை.

3,331 டாலர் வந்த பிறகு, அதில் ஒரு பகுதியை அந்தப் பெண்ணுக்காகக் கொடுக்கலாம் என்று நீங்கள் இருவரும் பேசி முடிவு செய்தால், அது உங்கள் விருப்பம். சட்டம் கேட்கவில்லை. கொடுப்பதானால் அந்தப் பெண்ணின் அம்மா கையிலோ, ஸெல் (Zelle) என்ற பணம் அனுப்பும் சேவை வழியாகவோ கொடுக்காதீர்கள். அதை அன்பளிப்பு என்று எடுத்துக்கொண்டு பாக்கியில் கழிக்காமல் விடலாம். ஒஹாயோவின் சைல்டு சப்போர்ட் பணம் செலுத்தும் மையத்துக்கு, கணவரின் வழக்கு எண்ணைக் குறிப்பிட்டு அனுப்புங்கள். அடுத்த மாத அறிக்கையில் அந்தத் தொகை கழிந்திருக்கிறதா என்று இருவருமாக உட்கார்ந்து பாருங்கள்.