கப்பல் வடிவமைக்க ஆசைப்படும் மகளுக்கு வழி என்ன? முல்லைத்தீவுத் தாய் ஒருவருக்குப் பதில்

அம்மா,

மகள் உயர்தரத்தில் கணிதப் பிரிவு படிக்கிறாள், பெரிய கப்பல்களும் பாய்மர உல்லாசப் படகுகளும் வடிவமைக்க ஆசைப்படுகிறாள் என்று எழுதியிருந்தீர்கள். பெண் பிள்ளை மாதக்கணக்கில் நடுக்கடலில் நிற்பதா என்ற பயம் உங்களுக்கு. இதற்கிடையில் முகவர் ஒருவர் ‘கப்பல் படிப்பு’ என்று சொல்லிச் சில இலட்சம் கேட்கிறாராம். முதலில், அந்தக் காசைக் கொடுக்காதீர்கள்.

கப்பலில் ஏறிப் போகும் மாலுமி வேலை ஒன்று. இயந்திர அறையைப் பார்க்கும் மரைன் என்ஜினியர் வேலை இன்னொன்று. கப்பலையே வரைந்து கணக்குப் போடும் நேவல் ஆர்க்கிடெக்ட் வேலை மூன்றாவது. மூன்றையும் ஒன்றென்று நினைத்துத்தான் நம் பக்கத்தில் பல குடும்பங்கள் காசை இழக்கின்றன. மகள் கேட்பது மூன்றாவதை. அது கரையில், கணினிக்கு முன்னாலும் கப்பல் கட்டும் தளத்திலும் நடக்கிற வேலை. புதுக் கப்பலை ஓட்டிப் பார்க்கும்போது சில நாள் கடலுக்குப் போக வேண்டி வரலாம், அவ்வளவுதான்.

அவள் இப்போது படிக்கும் பாடத்திலேயே இந்தத் தொழிலின் அத்திவாரம் இருக்கிறது. நீருக்குள் அமிழ்ந்த பகுதியின் கனவளவைத் தொகையீட்டால் கணிக்கிறார்கள். வளைந்த வடிவத்தின் பரப்பையும் கனவளவையும் அண்ணளவாகக் கணிக்கும் சிம்சனின் விதி கப்பல் கணக்கில் அன்றாடம் புழங்குகிறது. கப்பல் சாயும்போது அமிழ்ந்த பகுதியின் வடிவம் மாறும், தண்ணீர் கப்பலை மேலே தள்ளும் விசையான மேலுதைப்பு தாக்கும் புள்ளி சாய்ந்த பக்கம் நகரும். பாரம் மேலே கூடிப்போனால் அந்த நகர்வு கப்பலை நிமிர்த்தப் போதாது. சுவீடனின் வாசா என்ற போர்க்கப்பல் 1628 இல் முதற் பயணத்திலேயே, ஸ்டொக்ஹோம் துறைமுகத்தைத் தாண்டுமுன், காற்றில் சாய்ந்து பீரங்கித் துவாரங்களால் தண்ணீர் புகுந்து மூழ்கியது இதனால்தான். பாய்ப்படகில் இதே கணக்கு இன்னும் நுட்பமானது. பாயைக் காற்று சாய்க்கும், அடியில் ஈயமோ இரும்போ கொண்டு நீட்டி நிற்கும், கீல் எனப்படும் கனத்த பகுதி நிமிர்த்தும். பாயைப் பெரிதாக்கினால் கீலும் கனக்க வேண்டும், கீல் கனத்தால் படகு தாழும், தாழ்ந்தால் தண்ணீரின் தடை கூடும். இதையெல்லாம் சரிக்கட்டுவதுதான் வடிவமைப்பு. இந்த இழுபறியைப் பற்றிப் பேசும்போது மகளின் முகம் மலர்கிறதா என்று பாருங்கள். மலர்ந்தால் தடுக்காதீர்கள்.

முல்லைத்தீவில் இருப்பது அவளுக்கு நல்ல வசதி. மீன்பிடி ஃபைபர் படகு கட்டும் கொட்டில் ஒன்றுக்கு அவளைக் கூட்டிப் போங்கள். அச்சில் மெழுகு பூசி, ஜெல்கோட் என்ற வெளிப்பூச்சை அடித்து, கண்ணாடி நார் விரிப்பைப் பரப்பி, இறுக வைக்கும் ஹார்ட்னர் கலந்த ரெசின் என்ற பிசினைத் தடவி, உருளையால் காற்றுக்குமிழ்களை அமுக்கி வெளியேற்றுவார்கள். குமிழ் தங்கிய இடத்தில் நார் அடுக்குகள் பிரியும். தட்டினால் சத்தம் மந்தமாகக் கேட்கும். உலகத்தில் ஓடும் பெரும்பாலான பாய்மர உல்லாசப் படகுகளின் உடலும் இதே ஃபைபர்தான். பெரிய கப்பல் அப்படியல்ல. உருக்குத் தகடுகளை வெட்டி, வளைத்து, பகுதி பகுதியாக வெல்டிங் செய்து, பிறகு தளத்தில் பொருத்துவார்கள். பாய்க்கப்பல் நமக்குப் புதிதுமல்ல. வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி 1938 இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகம் வரை போய்ச் சேர்ந்தது.

சரி, படிப்புக்கு வருவோம். காலியிலுள்ள ருஹுணு பொறியியல் பீடத்தில் கடல்சார் பொறியியலும் கப்பல் வடிவமைப்பும் சேர்ந்த துறை இருக்கிறது. அது கிடைக்காவிட்டால் இயந்திரப் பொறியியல் எடுத்துவிட்டு, முதுமாணியில் கப்பல் வடிவமைப்புக்குத் திரும்பலாம். பலர் இப்படித்தான் உள்ளே வருகிறார்கள், இதில் குறைச்சல் எதுவும் இல்லை. இந்தியாவில் சென்னை ஐஐடியிலும் கொச்சிப் பல்கலைக்கழகத்திலும் இதற்கென்றே பட்டப்படிப்பு உண்டு. இந்திய அரசின் புலமைப்பரிசில் அறிவித்தல்களையும் கவனியுங்கள். பிரித்தானியாவின் சவுத்தாம்ப்டன் பெயர்பெற்ற இடம்தான், ஆனால் செலவை நினைத்தால் முதற்பட்டத்துக்கு அதை நான் சொல்லமாட்டேன்.

பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசட் புள்ளி குறைந்தால்? கிளிநொச்சி அறிவியல் நகரில் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. அங்கே தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழோடு இயந்திரத் தொழில்நுட்பம் கற்றுக் கப்பல் கட்டும் தளத்துக்குள் கால் வைக்கலாம். கொழும்பு டொக்யார்ட் 1974 முதல் இயங்குகிறது. கடலடிக் கேபிள் போடும் கப்பலொன்றை ஜப்பானிய நிறுவனத்துக்காகக் கட்டி 2019 இல் கையளித்தது. அப்படியான இடத்தில் வரைபடம் வாசிக்கத் தெரிந்த கைக்கு மதிப்பு உண்டு.

பரீட்சை வரைக்கும் இணைந்த கணிதத்தையும் பௌதிகவியலையும் விட்டுவிட வேண்டாம். ஓய்வு நேரத்தில் டெல்ஃப்ட்ஷிப் மென்பொருளின் இலவசப் பதிப்பில் ஒரு படகை வரையட்டும். அடுத்த முறை வரும்போது அந்த வரைபடத்தையும் கடைசித் தவணைப் புள்ளி அறிக்கையையும் கொண்டுவாருங்கள். எந்தப் பீடத்தை முதலாவதாகப் போடுவது என்று அவளையும் வைத்துக்கொண்டே பேசுவோம்.