பெரியப்பாவின் கைகள்

கேள்வி: ஓவியக் கல்லூரியில் இறுதியாண்டு படிக்கிறேன். பெரியப்பாவின் சதாபிஷேகத்துக்காக அவரை ஆயில் பெயிண்டிங்காக வரைந்திருக்கிறேன். அவர் குரல் கேட்டாலே தெருவே அடங்கும். ஆனால் படத்தில் எதற்கோ பயந்தவர்போல் இருக்கிறார். “கம்பீரமே இல்லை, மாற்று” என்கிறார் அண்ணன். மாற்றிவிடவா?

பதில்: மாற்றாதீர்கள். மண்டபத்தில் திரை விலக்கிக் காட்டும் யோசனை இருந்தால் அதை மட்டும் விட்டுவிடுங்கள்.

சர்ச்சிலுக்கும் 80 வயதில்தான் இது நடந்தது. பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் இரு அவை உறுப்பினர்களும் பணம் போட்டு, பிறந்தநாள் பரிசாக அவரை வரையும்படி கிரஹாம் சதர்லாந்திடம் சொன்னார்கள். முந்தைய ஆண்டுதான் சர்ச்சிலுக்குப் பக்கவாதம் வந்திருந்தது. வெளியே தெரியாமல் மறைத்திருந்தார்கள். சதர்லாந்துக்கு அது தெரிந்திருந்ததோ இல்லையோ, அவர் கண்ணில் பட்டது ஒரு கிழவர். முகத்தில் பழைய முரட்டுத்தனம் அப்படியே இருக்கிறது. கைகளைப் பார்த்தால்தான் நாற்காலியை விட்டால் விழுந்துவிடுவாரோ என்று தோன்றும், அப்படி ஒரு பிடி.

சில நாள் முன்பே புகைப்படத்தில் பார்த்துக் கொதித்துப்போன சர்ச்சில், விழாவுக்கு அந்தப் படமே வேண்டாம் என்றார். சமாதானப்படுத்தினார்கள். 1954 நவம்பர் 30 அன்று வெஸ்ட்மின்ஸ்டர் ஹாலில், “நவீன ஓவியத்துக்கு இது குறிப்பிடத்தக்க எடுத்துக்காட்டு” என்று அவர் சொன்னதும் கூட்டம் சிரித்தது. வீட்டுக்குப் போன படம் சுவரில் ஏறவே இல்லை. ஓரிரு ஆண்டுகளில் எரித்துவிட்டார்கள். மனைவி கிளமெண்டைனுக்குத் தெரிந்தே எரித்தார்கள் என்பது அவர் இறந்த பிறகு, 1978இல்தான் வெளியே வந்தது. இத்தனைக்கும் சர்ச்சிலே தூரிகை பிடித்தவர்!

படம் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. தனியாகப் பார்த்து ஜீரணிக்க வேண்டியதை ஊர் முன்னால் வைத்ததுதான் வினை.

ஒன்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பயம் அவருடையதா, உங்களுடையதா? சின்ன வயதிலிருந்து நடுங்கிய ஒருவரை வரையும்போது நம் நடுக்கமும் கேன்வாஸில் இறங்கிவிடும். அவர் பேப்பர் படிக்கும்போது, மாத்திரையைப் பிரிக்கும்போது போட்ட பென்சில் ஸ்கெட்ச் இருந்தால் எடுத்துப் பாருங்கள். அதிலும் இதே கண்கள் இருந்தால் சரி. வெறும் போட்டோவைப் பார்த்து வரைந்தது என்றால், இன்னும் இரண்டு நாள் அவரை எதிரில் உட்காரவைத்து வரையுங்கள்.

அப்புறம், அண்ணன் வீட்டில் இல்லாத ஒரு மதியம் பெரியப்பாவிடம் மட்டும் காட்டுங்கள். எப்படி இருக்கிறது என்று கேட்காதீர்கள், சும்மா பக்கத்தில் உட்காருங்கள். மண்டபத்துக்கு ஒரு நல்ல புகைப்படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டால் போதும். கம்பீரத்தை அண்ணன் பார்த்துக்கொள்ளட்டும்.

வேண்டாம் என்று பெரியப்பாவே சொன்னால், உங்கள் அறையில் வைத்துக்கொள்ளுங்கள். சுருட்டி மட்டும் வைக்காதீர்கள். ஆயில் உள்ளே காய மாதக்கணக்கில் ஆகும்.