பூ இருக்கு, பிஞ்சு இல்லை; முட்டை இருக்கு, குஞ்சு இல்லை: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

இந்த முறை வந்த கேள்விகளில் முக்கால்வாசி "என்ன உரம் போடலாம், என்ன மருந்து கொடுக்கலாம்" என்றுதான் முடிகின்றன. உரக்கடைக்குப் போகும் முன், ஆணும் பெண்ணும் சேர்ந்தனவா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள். பாதிச் செலவு மிச்சம்.

கேள்வி (தாம்பரம்): மாடியில் சுரைக்கொடி போட்டிருக்கேன் சார். தினமும் நிறையப் பூ வருது, உதிருது. எப்பவாவது ஒரு பிஞ்சு வந்தாலும் மஞ்சளாகி வாடிடுது. தேனீ வரட்டும்னு காலையில் மருந்துகூட அடிக்கறதில்லை.

பதில்: சுரைப்பூ காலைப் பூ இல்லை. சாயங்காலம் விரியும், மறுநாள் வெயில் ஏறும்போது வாடிவிடும். வெள்ளை நிறமே இரவில் வரும் அந்துப்பூச்சிகளுக்காகத்தான். நான்காவது மாடிக்கு அவை வரவில்லை என்றால் அந்த வேலையை நீங்கள்தான் செய்ய வேண்டும்.

ஆறு, ஏழு மணிக்கு டார்ச்சோடு போங்கள். பூவுக்கு அடியில் மெல்லிய ரோமத்தோடு குட்டிச் சுரைக்காய் இருந்தால் அது பெண் பூ. வெறும் நீளக் காம்பு மட்டும் என்றால் ஆண். புதிதாக விரிந்த ஆண் பூ ஒன்றைக் கிள்ளி, இதழ்களை உரித்துவிட்டு, நடுவில் இருப்பதை விரலால் தொடுங்கள். மகரந்தம் விரலில் ஒட்ட வேண்டும். அதைப் பெண் பூவின் நடுவே மூன்று பிரிவாக இருக்கும் சூல்முடியில், மூன்றிலும் படும்படி தடவுங்கள். ஒரு பக்கம் மட்டும் பட்டால் அந்தப் பக்க விதைகள் மட்டும் பிடித்துக் காய் கோணலாக வரலாம். சூல் பிடித்திருந்தால் சில நாளில் பிஞ்சு பருக்க ஆரம்பித்துவிடும். பிடிக்காததுதான் மஞ்சளாகி விழுகிறது; அதற்கு மருந்து கிடையாது.

கொடி பூக்கத் தொடங்கும்போது முதலில் ஆண் பூக்களாகவே வருவது இயல்பு, பயப்பட வேண்டாம். நுனியைக் கிள்ளிவிட்டால் வரும் பக்கக் கிளைகளில் பெண் பூ கூடுதலாக வரும். யூரியாவை அள்ளிப் போட்டால் இலைதான் வரும்.

பீர்க்கனும் மாலையில் விரிவதுதான். புடலை இரவில். பூசணி, பாகல், வெள்ளரிக்கு மட்டும் காலையில் போங்கள்.

கேள்வி (தேனி): ஐயா, கடையில் வாங்கிய பழத்து விதையில் ஆறு பப்பாளி வளர்த்தேன். நாலு ஆண். தண்டில் ஆணி அடித்தால் பெண்ணாகிவிடும் என்கிறார்களே?

பதில்: ஆகாது. ஆண் மரத்தில் தட்பவெப்பம் மாறும்போது சில சமயம் ஒன்றிரண்டு காய் தொங்குவது உண்டு. அந்த நேரம் பார்த்து ஆணி அடித்தவர் பேர் வாங்கிக்கொள்கிறார், அவ்வளவுதான்.

ஆண், பெண் தனித்தனி மரமாக வரும் ரகங்களில் விதையில் சரிபாதி ஆணாக வரும். நாற்றில் கண்டுபிடிக்க வழியில்லை. அதனால் குழிக்கு மூன்று கன்று வைத்து, பூத்த பிறகு நீளக் காம்பில் கொத்தாகத் தொங்குகிற ஆண்களை வெட்டிவிடுவார்கள். தோட்டத்தில் 15, 20 பெண்ணுக்கு ஓர் ஆண் இருந்தால் போதும். நீங்கள் ஓர் ஆணை விட்டுவிட்டு மூன்றை எடுத்துவிடுங்கள். அடுத்த முறை ரெட் லேடி மாதிரி இருபால் பூ வருகிற ரகமாகப் பார்த்து வாங்குங்கள். அதில் தனி ஆண் மரத் தொல்லை இல்லை.

கேள்வி (நாமக்கல் பக்கம்): அண்ணா, சித்திரையில் 12 நாட்டு முட்டை அடைவைத்தேன், நாலுதான் பொரிச்சது. சேவலையும் போன வாரம் வித்தாச்சு. இனிமே வர்ற முட்டை ஆகுமா?

பதில்: சேவல் போனாலும் அதன் விந்து கோழியின் உடலுக்குள் நுண்ணிய குழல்களில் தங்கியிருக்கும். ஒரு வாரம், பத்து நாள் வரை முட்டைகள் கருவோடு வரும். அப்புறம் குறைந்துகொண்டே போகும்.

பொரிக்காததற்குச் சேவலைக் குறை சொல்லும் முன் வெயிலைப் பாருங்கள். முட்டை வெளியே வரும்போதே கரு வளரத் தொடங்கியிருக்கும். குளிர்ச்சியாக இருந்தால் அது அப்படியே நின்று காத்திருக்கும். கோழி பத்து நாளாக இட்ட முட்டைகள் ஏறக்குறைய ஒரே நாளில் பொரிப்பது இதனால்தான். சித்திரை வெயிலில், 35 டிகிரி அறையில் வைத்தால் அது நிற்கவும் முடியாமல், ஒழுங்காக வளரவும் முடியாமல் செத்துப்போகும். வீட்டில் குளிர்ச்சியான மூலையில், கூர்முனை கீழே இருக்கும்படி, ஒரு வாரத்துக்கு மேல் போகாமல் சேர்த்து வையுங்கள். கழுவ வேண்டாம், ஓட்டின் மேலுள்ள பாதுகாப்புப் பூச்சு போய்விடும்.

ஏழாம் நாள் இருட்டறையில் முட்டையின் அகன்ற முனையில் டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி கால் விரித்தது மாதிரி சிவப்பு நரம்புகள், நடுவில் ஒரு கரும்புள்ளி தெரியும். உற்றுப் பார்த்தால் அது அசையும். அப்படியே தெளிவாக இருந்தால் கரு இல்லை, எடுத்துவிடுங்கள்.

21ஆம் நாள் ஓட்டைப் பிரித்து உதவி செய்கிறேன் என்று இறங்கிவிடாதீர்கள். குஞ்சு மூக்கால் ஓட்டையிட்ட பிறகும் பல மணி நேரம் சும்மா கிடக்கும். அந்த நேரத்தில்தான் சவ்விலுள்ள இரத்தமும் மிச்ச மஞ்சள் கருவும் உடம்புக்குள் போகின்றன. அவசரப்பட்டு உரித்தால் இரத்தம் கசியும். வயிற்றுக்குள் போன மஞ்சள் கரு இருப்பதால் பொரித்த குஞ்சு ஒரு நாள் தீனி இல்லாமலும் தாங்கும்.

கேள்வி (சேலம்): எங்க பசு இரட்டை போட்டது, ஒண்ணு காளை, ஒண்ணு கிடேரி. கிடேரிக்கு ரெண்டரை வயசாச்சு, இன்னும் பருவத்துக்கு வரல. தாது உப்புக் கலவை கொடுத்துப் பார்த்தாச்சு.

பதில்: இதற்கு நல்ல பதில் சொல்ல முடியவில்லையே என்று வருத்தமாக இருக்கிறது. காளைக் கன்றோடு சேர்ந்து பிறந்த கிடேரிகளில் நூற்றுக்குத் தொண்ணூறு மலடுதான். வயிற்றில் இருக்கும்போதே இரண்டின் நஞ்சுக்கொடி இரத்தக் குழாய்கள் இணைந்து, காளையின் ஹார்மோன் கிடேரிக்குள் போய்விடுகிறது. கருப்பையும் சினைப்பையும் ஒழுங்காக உருவாவதில்லை. தீனியோ ஊசியோ இதை மாற்றாது. கால்நடை மருத்துவர் ஒருமுறை பரிசோதித்து உறுதி சொல்லட்டும். அதற்கு முன் விற்கவும் வேண்டாம், செலவும் வேண்டாம். இரண்டும் கிடேரியாகப் பிறந்திருந்தால் இந்தச் சிக்கல் இல்லை. ஆடுகள் இரட்டை போடுவது சாதாரணம், அவற்றில் இது அபூர்வம்.

கேள்வி: வாழைப்பழத்து நடுவில் இருக்கும் கருப்புப் புள்ளியை ஊன்றினால் முளைக்குமா?

பதில்: முளைக்காது. விதையாகாமல் நின்றுபோன சூல்கள் அவை. பக்கக் கன்று வையுங்கள். அகன்ற இலை விட்ட நீர்க்கன்றை விட்டுவிட்டு, இலை ஒடுங்கி ஈட்டி மாதிரி நிற்பதை எடுங்கள்.

கேள்வி: தொட்டியில் ஒரே ஒரு பெண் கப்பி மீன்தான். இரண்டாவது தடவையாகக் குட்டி போட்டிருக்கு!

பதில்: கடைத் தொட்டியில் ஆண்களோடு இருந்திருக்கும். விந்தைச் சேமித்து வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் குட்டி போடும். குட்டிகளை உடனே பிரித்துவிடுங்கள், தாயே தின்றுவிடும்.

கேள்வி (தூத்துக்குடி): வரப்பில் பனை விதை போட ஆசை அண்ணாச்சி. பெண் பனையாகப் பார்த்துப் போடுவது எப்படி?

பதில்: விதையில் தெரியாது தம்பி. பாளை விடுகிற வரை, அதாவது 12, 15 வருஷம் ஆனாலும், தெரியாது. நிறையப் போடுங்கள், பாதி பெண்ணாக வரும்.

ஆனால் ஆழமாகக் குழி தோண்டாதீர்கள். பனை தானே ஆழம் போகும். விதையிலிருந்து ஒரு குழல் நேராக மண்ணுக்குள் இறங்கி, கருவைக் கீழே கொண்டுபோய் வைக்கும். அங்கே உணவு சேர்ந்து பருப்பதுதான் நாம் அவித்துத் தின்கிற கிழங்கு. அந்த நேரம் கொட்டையை வெட்டினால் உள்ளே தவுன் இருக்கும். கரு பருப்பைக் கரைத்து உறிஞ்ச வளர்த்துக்கொண்ட பஞ்சு அது. கிழங்குக்காக மேட்டுப் பாத்தியில் போட்டதை மரமாக்கலாம் என்று பிடுங்கி நட்டால் பெரும்பாலும் பட்டுப்போகும். வரப்பில் போட வேண்டியதை முதலிலேயே வரப்பில் போட்டுவிடுங்கள். ஆணாக வந்தாலும் வெட்ட வேண்டாம், அதன் பாளையிலும் பதநீர் இறக்கலாம்.