மேசன் பதில்: முதலில் முற்றத்தைப் பாருங்கள்

கேள்வி (கண்டாவளைப் பக்கத்து வாசகி): அண்ணை, எங்களுடையது 2013 இல் கட்டின வீட்டுத்திட்ட வீடு. ஐந்தாறு வருடமாக அறைச் சுவர்களில் நிலத்திலிருந்து இரண்டடி உயரம் வரைக்கும் பெயின்ற் பொரிந்து கொட்டுகிறது. கையால் தடவினால் வெள்ளை மா. இரண்டு தரம் சுரண்டிப் புட்டி போட்டுப் பெயின்ற் அடித்தோம். அடுத்த மாரியில் பழையபடிதான். மூன்றடிக்கு மாபிள் ஒட்டினால் தீருமா?

பதில்: தங்கச்சி, மாபிளை மறந்துவிடுங்கள். அந்தப் பிழையைச் செய்து கூலியும் வாங்கினவன் நான். கிளிநொச்சியில் ஒரு வீட்டில், இதே மாதிரி ஈரச் சுவரில் மூன்றடிக்கு மாபிள் ஒட்டிக் கொடுத்தேன். பார்க்க வடிவாகத்தான் இருந்தது. இரண்டு மாரி போக, மாபிளுக்கு மேலே நாலடி உயரத்தில் வெள்ளை பூத்துவிட்டது. வெளியேற வழியை அடைத்தால் ஈரம் மேலே ஏறத்தானே செய்யும்? வீட்டுக்கார அம்மா ஒன்றும் சொல்லவில்லை. தேத்தண்ணியைத் தந்துவிட்டு அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றா. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அந்த வெள்ளை மா உப்பு. நிலத்து ஈரம் கல்லுக்குள்ளால் ஏறும்போது உப்பையும் கரைத்துக்கொண்டு வருகிறது. மேலே வந்து தண்ணீர் காய, உப்பு பளிங்காகத் திரண்டு பூச்சையும் பெயின்றையும் தள்ளி விழுத்துகிறது. சரி, இப்போது நான் கேட்கிறேன்: 2018 மார்கழி வெள்ளத்துக்குப் பிறகு முற்றத்துக்குக் கிரவல் பறித்து உயர்த்தினீர்களா? உங்கள் பக்கம் நான் பார்த்த வீடுகளில் பாதிக் கதை இதுதான். அத்திவாரத்துக்கு மேலே ஈரம் ஏறாமல் டீ.பீ.சி. என்று ஒரு படை போடுவோம். முற்றத்தை ஓரடி உயர்த்தினால் அந்தப் படை மண்ணுக்குள் போய்விடும். அதற்கு மேலே இருக்கிற கல்லு, பக்கத்து மண்ணிலிருந்து நேரே தண்ணீர் குடிக்கும். சிலர் காசு காணாமல் அந்தப் படையே போடாமல் விட்டதும் உண்டு. அது வேறு வைத்தியம்.

ஆகவே முதல் வேலை வீட்டுக்கு வெளியே. சுவரைச் சுற்றி இரண்டடி அகலத்துக்குக் கிரவலை வெட்டி எடுத்து, அந்தப் படைக்கு ஆறு அங்குலம் கீழே மண்ணைக் கொண்டுவாருங்கள். தண்ணீர் வீட்டை விட்டு வெளிப்பக்கம் ஓடுகிற மாதிரிச் சரிவு வேண்டும். அப்புறம் உள்ளே, கறை நிற்கிற இடத்துக்கு ஓரடி மேலே வரைக்கும் பூச்சைக் கொத்தி எடுங்கள். உப்பை உலர்ந்த தூரிகையால் தட்டிக் கூட்டி அள்ளி வெளியே கொட்டவேண்டும். கழுவக்கூடாது. கழுவினால் கரைந்து திரும்பவும் சுவருக்குள்தான் போகும். பங்குனியில் கொத்தினால் ஆனி வரைக்கும் சும்மா காயவிடுங்கள். விருந்தாள் வருகினம் என்று அவசரப்பட வேண்டாம்.

திரும்பப் பூச, சீமெந்து ஒன்று, சுண்ணாம்பு ஒன்று, ஆற்று மணல் ஆறு என்ற கலவை நல்லது. வெறும் சீமெந்தைவிட இது ஈரத்தை வெளியே விடும். உவர்க் கிணற்றுத் தண்ணீரில் மட்டும் குழைக்காதீர்கள், ஒரு பவுசர் நல்ல தண்ணீர் எடுங்கள். ஒரு வாரம் நனைத்து வையுங்கள். முதல் வருடம் வெள்ளை அடித்தால் போதும். பிளாஸ்ரிக் பெயின்ற் அடுத்த மாரியைப் பார்த்த பிறகு.

கேள்வி (முருங்கன்): யன்னல் மூலையிலிருந்து சரிவாக வெடிப்பு. கோடையில் விரியுது, மாரியில் ஒடுங்குது. சீமெந்து அடைத்தாலும் திரும்ப வருது.

பதில்: உங்கள் கறுப்புக் களிமண் செய்கிற வேலை, தம்பி. மழைக்கு ஊதும், வெயிலுக்குச் சுருங்கும். வீடும் கூடவே ஆடும். வெடிப்புக்குக் குறுக்கே ஒரு சின்னக் கண்ணாடித் துண்டைச் சாந்தால் ஒட்டித் திகதியை எழுதி வையுங்கள். ஒரு வருடத்தில் கண்ணாடி உடைந்தால் அத்திவாரம் இன்னும் அசைகிறது. அப்போது மேசனைத் தேடாமல் பொறியியலாளர் ஒருவரைக் கூட்டிவந்து காட்டுங்கள். சுவருக்குக் கிட்ட நிற்கிற பெரிய மரமும் கோடையில் மண்ணின் ஈரத்தை உறிஞ்சும், அதையும் பாருங்கள்.

கேள்வி (வவுனியா): அம்மம்மா வீட்டுச் சிவப்புச் சீமெந்து நிலம் மங்கிப்போச்சு. உடைத்து மாபிள் போடலாமா?

பதில்: ஐயோ, வேண்டாம். தட்டிப் பாருங்கள். பொள்ளல் சத்தம் கேட்கிற இடத்தை மட்டும் வெட்டித் திருத்தினால் போதும். மிச்சத்துக்கு நிலப் பொலிசும் ஒரு பாதிப் பொச்சுமட்டையும் உங்கள் காலும் காணும்.

கேள்வி (மாங்குளம்): அஸ்பெஸ்டஸ் சீற்றுக்குக் கீழே சீலிங் அடிக்கப் போகிறோம். சீற்றிலேயே துளை போட்டுக் கம்பி தொங்கவிடலாமா?

பதில்: கூடாது. அந்தத் தூசு சுவாசப்பைக்குள் போனால் புற்றுநோய் வரைக்கும் கொண்டுபோகும். துளைக்கவும் வேண்டாம், அரியவும் வேண்டாம், உரஞ்சவும் வேண்டாம். சட்டத்தை வளைமரத்திலும் சுவரிலும் பிடியுங்கள். இடையில் காற்றோட ஓரடியாவது விட்டால் அறை சூடும் குறையும்.

கேள்வி (விசுவமடு): ஐயா, அப்பா கட்டின பழைய வீடு. சுவர் முழுக்க ஷெல் துண்டு பட்ட ஓட்டைகள். பூசினாலும் சில இடத்தில் துருக்கறை வருகிறது. இன்னொன்று, சாமியறைச் சுவரில் இருக்கிற ஓட்டையை அடைக்க அம்மா விடமாட்டேன் என்கிறா.

பதில்: துருக்கறை வருகிற இடத்தில் இரும்பு இன்னும் உள்ளே இருக்கிறது. துரு பிடிக்க இரும்பு பருக்கும், பூச்சை வெடிக்க வைக்கும். சின்னச் சிதறல் என்றால் உளியால் தோண்டி எடுங்கள். வெடிக்காத முழு ஷெல் மாதிரி ஏதாவது தெரிந்தால் கை வைக்காமல் பொலிசுக்குச் சொல்லுங்கள். துண்டை எடுத்த பிறகு ஓட்டையின் வாய் ஒடுங்கியும் உள்ளே அகன்றும் இருக்கிற மாதிரிக் கொத்தினால் சாந்து கழன்று வராது. தூசு தட்டி, நனைத்து, சீமெந்துப் பாலை (தண்ணீரில் கரைத்த சீமெந்து) தடவி, அரை அங்குலம் அரை அங்குலமாக, ஒவ்வொரு படையும் இறுகின பிறகு நிரப்புங்கள். ஆழமான ஓட்டையை ஒரே தரத்தில் நிரப்பினால் சுருங்கி வெடிக்கும்.

அம்மாவின் ஓட்டையை விட்டுவிடுங்கள். உதிர்கிற துகளைத் தட்டி, விளிம்புக்கும் உட்புறத்துக்கும் சீமெந்துப் பால் ஒரு படை பூசினால் சுவர்ப் பூச்சு அதற்கு மேல் கழலாது. பெயின்ற் அடிக்கிற பெடியனுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள், பழக்கத்தில் அடைத்துவிடுவான்.