மூன்றாவது ஆள் யார்? விளையாட்டுப் போட்டி பற்றிய கேள்வி பதில்

மதுரையில் ஒரு கல்லூரியில் சமூகவியல் நடத்துகிறேன். ஒரு காலத்தில் கபடியும் ஆடியவன். போட்டி, தோல்வி, பரிசு, அதைச் சுற்றி நடக்கும் அக்கப்போர் என்று எதை வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்தவற்றில் சில.

மேலூரிலிருந்து: சார், எங்க பக்கம் பொங்கல் கபடி அடிதடி இல்லாமல் முடிந்ததே இல்லை. போட்டி என்றாலே சண்டைதானே?

இல்லை. ஜெர்மன் சமூகவியலாளர் கியோர்க் சிம்மல் 1903-லேயே இரண்டையும் பிரித்துக் காட்டினார். சண்டையில் எதிராளியை வீழ்த்தி அவனிடம் இருப்பதைப் பிடுங்குகிறோம். போட்டியில் பரிசு எதிராளியிடம் இல்லை, மூன்றாவது ஆள் கையில் இருக்கிறது. நடுவர், விழாக் குழு, கூடி நிற்கும் ஊர் எல்லாம் அந்த மூன்றாவது ஆள்தான். அவர் மேல் நம்பிக்கை இருக்கும்வரை போட்டி. அது போனால் கைகலப்பு.

கபடியையே எடுத்துக்கொள்ளுங்கள். பாடிப் போனவனின் விரல் நுனி பட்டதா இல்லையா என்பது தொட்டவனுக்கும் தொடப்பட்டவனுக்கும்தான் உறுதியாகத் தெரியும். இருவரும் தங்களுக்குச் சாதகமாகத்தான் கை தூக்குவார்கள். நடுவரோ விழா நடத்துகிறவரின் மச்சான். அப்புறம் சேர் பறக்காமல் என்ன செய்யும்? வெளியூர் நடுவரைக் கூப்பிடுங்கள், பாதி அடங்கும்.

அலங்காநல்லூர் பக்கத்திலிருந்து: அண்ணே, ஜல்லிக்கட்டில் யாருக்கும் யாருக்கும் போட்டி? மாட்டுக்கும் மனுஷனுக்குமா?

மாட்டுக்குக் கப் மேல் ஆசை கிடையாது! மாட்டுக்காரருக்கும் மாட்டுக்காரருக்கும் ஒரு போட்டி, மாடுபிடி வீரர்களுக்குள் இன்னொன்று. திமிலைத்தான் பிடிக்க வேண்டும், அதுவும் ஒருவர்தான் பிடிக்க வேண்டும். இரண்டு பேர் தொங்கினால் பிடி செல்லாது. அந்த ஒரு விதி, பக்கத்தில் நிற்கும் சேக்காளியையே போட்டியாளன் ஆக்கிவிடுகிறது.

இப்போது நம்பர் போட்ட பனியன், சுற்றுகள், யார் எத்தனை மாடு பிடித்தார் என்ற கணக்கு, முதலிடத்துக்குக் கார். சடங்காக இருந்த விளையாட்டு நவீனமாகும்போது அளவும் எண்ணிக்கையும் சாதனைப் பட்டியலும் உள்ளே வந்துவிடும் என்று அமெரிக்க ஆய்வாளர் ஆலன் கட்மன் 1978-ல் எழுதினார். நம் வாடிவாசலில் இரண்டும் ஒரே காலையில் நடக்கின்றன. முதலில் கோயில் காளை வரும். அதை யாரும் பிடிப்பதில்லை, அது போட்டியிலேயே சேராது. அடுத்த மாட்டிலிருந்து கணக்கு ஆரம்பம்.

மூன்றாவது ஆளும் மாறிவிட்டார். ஊரும் சாமியும் இருந்த இடத்துக்கு மாவட்ட நிர்வாகமும் டி.வி. கேமராவும் ஸ்பான்சரும் வந்துவிட்டார்கள். 2014 தடையும் 2017 போராட்டமும் இதை வேகப்படுத்தின என்பது என் கருத்து. அவனியாபுரத்தில் விழாவை யார் நடத்துவது என்பதே உயர் நீதிமன்றம் வரை போனது. மேடையில் யார் நிற்பது என்ற போட்டிக்கு முன்னால் காரெல்லாம் சின்னப் பரிசு.

விளாங்குடி, பி.டி. மாஸ்டர் ஒருவர்: கூட ஆள் ஓடினால் பையன்களுக்கு வேகம் கூடுகிறது. உண்மையா, பிரமையா?

உண்மைதான். நார்மன் டிரிப்ளெட் 1898-லேயே சைக்கிள் பந்தய நேரங்களை வைத்து இதைக் கவனித்தார். ஆனால் கைவந்த வேலைக்குத்தான் இது பொருந்தும். பழகாத வேலையில் ஆள் பார்த்தால் தடுமாற்றமே கூடும். வட்டு பிடிக்கக் கற்ற மறுவாரமே பையனைப் போட்டிக்கு அனுப்பாதீர்கள்.

ஒத்தக்கடையிலிருந்து ஒரு அம்மா: என் மகள் ஷட்டில் ஆடுகிறாள். இரண்டாவது வந்துவிட்டு அழுகிறாள். மூன்றாவது வந்த பிள்ளை சிரித்துக்கொண்டு நிற்கிறது. ஏன் சார் இப்படி?

ஒலிம்பிக்கிலும் இதே கதைதான் அம்மா. 1992 பார்சிலோனா ஒலிம்பிக் வீடியோவில் வீரர்களின் முகங்களை மதிப்பிட்டு, 1995-ல் அமெரிக்க உளவியலாளர்கள் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். வெள்ளி வாங்கியவரைவிட வெண்கலம் வாங்கியவர் முகத்தில் மகிழ்ச்சி அதிகம். வெள்ளிக்காரர் கைநழுவிய தங்கத்தை நினைக்கிறார், வெண்கலக்காரர் வெறுங்கையோடு போகும் நாலாவது ஆளை நினைக்கிறார். அதோடு, ஷட்டிலில் இரண்டாமிடம் என்றால் கடைசி ஆட்டத்தில் தோற்றவள் என்று அர்த்தம். அன்றைக்கு அழட்டும். பஸ்ஸில் வரும்போது அந்த ஆட்டத்தை அலசாதீர்கள், போதும்.

கே.கே.நகரிலிருந்து: வறுமைதான் வெறியைக் கொடுக்கும், வசதியான பிள்ளைகளுக்கு அது வராது என்கிறார் நண்பர்.

மேடைப் பேச்சுக்கு நன்றாக இருக்கும். சக்கிமங்கலம் ரேவதி வீரமணியைத்தான் உதாரணம் காட்டுவார்கள். பெற்றோரை இழந்து, கூலி வேலை பார்த்த பாட்டியிடம் வளர்ந்து, வெறுங்காலோடு ஓடத் தொடங்கி, டோக்கியோ ஒலிம்பிக்கில் கலப்புத் தொடர் ஓட்டம் வரை போனவர். எல்லோரும் அந்த வெறுங்காலையே பேசுகிறார்கள். பாட்டியிடம் பேசிச் சம்மதம் வாங்கிய பயிற்சியாளர், கல்லூரியில் கிடைத்த இடம், விடுதி இவையெல்லாம் யார் வாயிலும் வருவதில்லை. வறுமை மட்டும் போதுமென்றால் நம் மாவட்டத்தில் பதக்கம் வைக்க இடம் இருக்காது. ஓடத் தரை இருந்தால் போதும்; டென்னிஸுக்கு மாதாமாதம் பணம் கட்ட வேண்டும். யார் எந்த ஆட்டத்துக்குள் நுழைகிறார்கள் என்பதை அதுவும் தீர்மானிக்கிறது.

உசிலம்பட்டியிலிருந்து: விளையாட்டு சாதியை ஒழிக்கும் என்கிறார்களே?

தானாக ஒழிக்காது. 1954-ல் ஓக்லஹோமாவில் முசாபர் ஷெரீப் குழுவினர் 22 சிறுவர்களை இரண்டு கூட்டமாகப் பிரித்து முகாம் நடத்தினார்கள். கயிறு இழுக்கும் போட்டி, பேஸ்பால் எல்லாம் வைத்தார்கள். ஒருவர் கொடியை மற்றவர் எரிக்கிற அளவுக்குப் போனது. சேர்ந்து சாப்பிட வைத்தும் பகை தணியவில்லை. குடிதண்ணீர் நின்றுபோய் எல்லோரும் சேர்ந்து சரிசெய்ய வேண்டிய நிலையை உண்டாக்கிய பிறகுதான் மெல்ல மாறியது.

நம் ஊர்களில் தெருவுக்கு ஓர் அணி. தெரு என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அப்படி ஆடினால் பழைய கோடு இன்னும் அழுத்தமாகத்தான் விழும். கலந்து அணி பிரித்தால் நிலைமை வேறு. பாடி வருகிறவனை மடக்கப் பக்கத்தில் நிற்பவன் கையைக் கோத்துக்கொண்டுதான் நிற்க வேண்டும். அவன் எந்தத் தெரு என்று பார்த்துக்கொண்டிருந்தால் பாயிண்ட் போய்விடும். அடுத்த பொங்கலுக்குச் சீட்டுக் குலுக்கி அணி பிரியுங்கள். அதற்கு விழாக் குழுவில் எல்லாத் தெருக்காரர்களும் இருக்க வேண்டும், முதல் பஞ்சாயத்தே அங்கேதான் வரும்.