டீன் ஏஜ் பையன் இருக்கிற வீட்டுல நாய்க்குட்டி வளர்த்தா அவனுக்குப் பொறுப்பு வருமா?

பையனுக்கு பதினாலு வயசு, நாய் வேணும்னு ஒரே அடம், வாங்கிக் குடுத்தா போனைக் கீழ வச்சுட்டு கொஞ்சமாவது பொறுப்பா மாறுவானான்னு கேட்டிருக்கீங்க.

மாற மாட்டான். சோறு வைக்கறது, மூச்சா போனா துடைக்கறது, ஊசி தேதி ஞாபகம் வச்சுக்கறது எல்லாம் கடைசில உங்க தலைலதான் வந்து விடியும், அதுக்கு இப்பவே மனசைத் தயார் பண்ணிக்கோங்க. அதுக்காக வாங்காதீங்கன்னு சொல்ல மாட்டேன். எங்க வீட்லயும் ஒண்ணு இருக்கு, பேரு பிஸ்தா. மாமியாருக்கு மட்டும் அது மணி, அவங்களுக்கு உலகத்துல இருக்கிற அத்தனை நாயும் மணிதான். எங்க தெருவுல போட்ட குட்டி, பக்கா நாட்டு நாய், பழுப்பு கலரு, ஒரு காது நிக்கும் ஒரு காது மடங்கியிருக்கும். பையன் இப்போ டென்த்.

நாய்க்கும் டீன் ஏஜ் உண்டுங்க, அதை வாங்கறதுக்கு முன்னாடி தெரிஞ்சுக்கோங்க. ஆறேழு மாசத்துல ஆரம்பிச்சு ஒன்றரை வயசு, சிலதுக்கு ரெண்டு வயசு வரைக்கும் போகும். குட்டில "உக்காரு"ன்னா டக்குனு உக்காந்த அதே நாய், எட்டு மாசத்துல நம்மள ஒரு லுக்கு விட்டுட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கும். இங்கிலாந்துல கண்ணு தெரியாதவங்களுக்கு வழிகாட்டற வேலைக்கு வளர்க்கற குட்டிங்கள வச்சு ஒரு ஆராய்ச்சி பண்ணி 2020ல வெளியிட்டாங்க, அஞ்சு மாசத்துல ஒழுங்கா கேட்ட குட்டிங்க எட்டு மாசத்துல வளர்க்கறவங்க சொன்னா கேக்கறது குறைஞ்சு போச்சாம், ஆனா யாரோ வெளியாள் வந்து உக்காருன்னு சொன்னா மட்டும் சமத்தா உக்காந்துச்சாம். எனக்கு சிரிப்பு தாங்கல. எங்க பையன் சாப்பிட்ட தட்டை சிங்க்ல போட நான் மூணு தடவ கத்தணும், அவன் ஃப்ரெண்டோட அம்மா என்னடான்னா "உங்க புள்ள எங்க வீட்ல சாப்பிட்டா தட்டைக் கழுவி கவுத்து வச்சுட்டுத்தான் போறான், எப்படிங்க வளர்த்தீங்க"ன்னு கேக்கறாங்க. ஆக நீங்க நாய் வாங்கினா வீட்ல ஒரு டீன் ஏஜுக்கு பதிலா ரெண்டு இருக்கும், அவ்ளோதான்.

விளையாட்டுன்னா எப்படி விளையாட்டுன்னு சொல்றேன். சாயங்காலம் இவன் டியூஷன் விட்டு வந்து ஷூவைக் கழட்டறதுக்குள்ள ஒரு சாக்ஸ் பறந்துரும். கவ்விட்டு நேரா டைனிங் டேபிளுக்கு அந்தப் பக்கம் போயி, முன்னங்கால் ரெண்டையும் தரையில நீட்டிப் படுத்து, பின்னாடி மட்டும் தூக்கிக்கிட்டு, வால் பாட்டுக்கு ஆடும், நடுவுல ரெண்டு தும்மல் வேற. சளி பிடிச்சிருச்சோன்னு நான் முதல்ல பயந்தேன், அந்தத் தும்மலே "இது சும்மா விளையாட்டுக்குத்தான்"னு அது சொல்ற விதமாம். துரத்தினா அதுக்கு ஜாலி. கண்டுக்காம விட்டா கொஞ்ச நேரத்துல தானே கொண்டாந்து கால்கிட்ட போட்டுரும், ஆனா அந்தக் கொஞ்ச நேரத்துக்கு இவனுக்கு எங்க பொறுமை, ரெண்டும் ஹால், கிச்சன், பால்கனின்னு சுத்தி சுத்தி ஓடும், அத்தை சோபால காலைத் தூக்கி மடக்கி வச்சுக்கிட்டு "டேய் மணி, டேய் மணி"ன்னு கத்துவாங்க, சீரியலை பாஸ் பண்ணுன்னு எனக்கு ஆர்டர் வரும்.

நாலு மாசத்துல பால் பல்லு விழ ஆரம்பிக்கும், இருபத்தெட்டு விழுந்து நாப்பத்திரண்டு முளைக்கணும், ஆறேழு மாசம் வரைக்கும் ஈறு நமநமன்னு இருக்கறதால கிடைச்சதை எல்லாம் கடிக்கும். எங்க வீட்ல போனது சார்ஜர் வயரு, ஜாமெட்ரி பாக்ஸ்ல ஒரு மூலை, அப்புறம் சயின்ஸ் ரெக்கார்டு. நாய் தின்னுடுச்சுன்னு சொன்னா எந்த மிஸ் நம்புவாங்க சொல்லுங்க, நான் மிச்சத்தைப் போட்டோ எடுத்து வாட்ஸப்ல அனுப்பி வச்சேன். அதுக்கப்புறம் அவன் ரூம்ல தரையில ஒரு பொருள் கிடையாது. இதைப் பொறுப்புன்னு எல்லாம் சொல்ல முடியாது, தற்காப்பு.

வேலையைப் பிரிக்கறப்போ காலைல வாக்கிங் உன் டூட்டின்னு மட்டும் பையன்கிட்ட சொல்லாதீங்க, தினமும் சண்டைதான் மிஞ்சும். இந்த வயசுல தூக்கத்தை வர வைக்கற மெலடோனின்ங்கற ஹார்மோன் சுரக்கறதே ராத்திரி லேட்டாகுது, தூக்கம் தானா தள்ளிப் போயிடுது, எல்லாமே திமிர்னு நினைச்சுக்க வேணாம். ஆனா நாய்க்கு காலைல சீக்கிரம் போயாகணும், அதுவும் ஏப்ரல் மே மாசத்துல நம்ம சென்னைல வெயில் கொஞ்சம் ஏறினதுமே தார் ரோடு கொதிக்க ஆரம்பிச்சுரும், புறங்கையை ரோட்ல வச்சு அஞ்சாறு செகண்ட் தாங்க முடியலன்னா அது பாதமும் தாங்காது. அதனால காலை ஷிஃப்ட் எங்க வீட்டுக்காரர், ராத்திரி சாப்பிட்டப்புறம் ஒரு ரவுண்டு பையன். சில நாள் நானும் கூடப் போவேன்.

நான் நாய் வளர்க்கலாம்னு சொல்றதே இந்த ராத்திரி ரவுண்டுக்காகத்தான். வீட்ல உக்கார வச்சு மூஞ்சியைப் பாத்து "ஸ்கூல்ல என்னடா ஆச்சு"ன்னா "ஒண்ணுமில்ல". அப்பா கேட்டா அதுவும் வராது, தோளைக் குலுக்கிட்டு போயிருவான். ரோட்ல அப்படி இல்ல, ரெண்டு பேரும் நாயைத்தான் பாத்துக்கிட்டு நடக்கறோம், அது ஒவ்வொரு கம்பத்தையும் மோந்து பாக்காம நகராது, நமக்கும் நிக்கறதைத் தவிர வேற வேலையில்ல, அந்த நேரத்துல தானா ஏதாவது வரும். மேத்ஸ்ல என்ன மார்க்குன்னு எனக்குத் தெரிஞ்சதே தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர்கிட்டதான். நேரா என்கிட்ட சொல்றதும் கிடையாது, நாய்கிட்டதான் சொல்லுவான், "பிஸ்தா, அம்மாகிட்ட சொல்லு, வெள்ளிக்கிழமை பேரண்ட்ஸ் மீட்டிங், அம்மா மட்டும் வந்தா போதும்னு." நானும் விடறதில்ல, "பிஸ்தா, அப்பா ஏன் வேணாமாம், கேட்டுச் சொல்லு." இது இப்போ வீட்டுக்குள்ளயும் வந்துருச்சு, அன்னிக்கு அவர் பேப்பர் படிச்சுக்கிட்டே "நாலு மனுஷங்க இருக்கற வீட்ல நாய் எதுக்குடா தூது போகுது"ன்னாரு, இவன் குனிஞ்சு அது காதுல "அப்பாவுக்குப் பொறாமை"ன்னான், அவரே சிரிச்சுட்டாரு.

சரி, முக்கியமான ஒண்ணு. விளையாடறப்போ பல்லு படும், நகம் கீறும், பசங்க அதை மறைப்பாங்க. ஏன்னா சொன்னா நாயை வெளிய விட்டுருவாங்கன்னு பயம். குட்டி வீட்டுக்கு வர்ற அன்னிக்கே சொல்லிடுங்க, கடிச்சாலும் கீறினாலும் நாயை யாரும் எங்கயும் அனுப்ப மாட்டோம், ஆனா உடனே சொல்லணும். தோல் கிழிஞ்சு லேசா ரத்தம் வந்தாலும் சரி, குழாய் தண்ணியில சோப்பு போட்டு பதினஞ்சு நிமிஷம் கழுவிட்டு டாக்டர்கிட்ட போயிடணும், வீட்டு நாய்தானேன்னு மஞ்சள் வச்சு விடறது எல்லாம் வேணாம். வெறிநோய் வந்துட்டா மருந்து கிடையாதுங்க, வராம தடுக்கறது மட்டும்தான் நம்ம கையில. நாய்க்கும் மூணு மாசத்துல அந்த ஊசி, அப்புறம் டாக்டர் சொல்ற மாதிரி வருஷா வருஷம். அதுக்கு முன்னாடியே ஆறு எட்டு வாரத்துல பார்வோ, டிஸ்டம்பர்ங்கற தொத்து நோய்க்கெல்லாம் சேத்து ஊசி ஆரம்பிச்சிரும், அந்த கோர்ஸ் முடியற வரைக்கும் தெருவுல இறக்கி விடாதீங்க, பார்வோ வந்தா ரத்தமா பேதியாகி ரெண்டு மூணு நாள்ல குட்டி போயிரும். பக்கத்துல நல்ல நாய் டாக்டர் இல்லன்னா சென்னை வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரி இருக்கவே இருக்கு, 1903லேந்து நடக்கற கால்நடை மருத்துவக் காலேஜோடது, கூட்டம் இருக்கும், காலைலயே போயிடுங்க.

சாப்பாடு பத்தி அத்தைக்கும் பையனுக்கும் சேத்து க்ளாஸ் எடுக்கணும். தயிர்சாதம் கொஞ்சம் குடுத்தா பரவால்ல, வெங்காய சாம்பார் கூடாது. சாக்லேட், திராட்சை ரெண்டும் விஷம், பாயாசத்துல போடற உலர் திராட்சையும் சேத்துத்தான், பண்டிகை நாள்ல டேபிளுக்கு அடில யாரு கை போகுதுன்னு பாத்துக்கோங்க. மழை முடிஞ்சா காது மடிப்பு, விரல் இடுக்குல உண்ணி இருக்கான்னு தடவிப் பாருங்க, உண்ணிக் காய்ச்சல் வந்தா நாய் சுருண்டு போயிடும். இந்த உண்ணி பாக்கற வேலையை பையன்கிட்ட குடுங்க, எங்காளு சோறு வைக்க மறப்பான், இதை மட்டும் டார்ச் அடிச்சு டாக்டர் மாதிரி பண்ணுவான்.

ரீல்ஸ் பாத்துட்டு பனி ஊரு நாயான ஹஸ்கி வேணும்பான். நம்ம புழுக்கத்துல அதை வளர்க்கறது பாவம். ராஜபாளையம், சிப்பிப்பாறை நம்ம ஊரு நாய்தான், ஆனா வேட்டைக்கு ஓடின ஜாதி, ஃப்ளாட்டுக்குள்ள அடைச்சா வீடு தாங்காது. எங்க ஓட்டு நாட்டு நாய்க்குத்தான். அபார்ட்மெண்ட்ல அசோசியேஷன்காரங்க நாய் கூடாதுன்னு சொன்னா பயப்படாதீங்க, மெஜாரிட்டி ஓட்டு போட்டாலும் வளர்ப்பு நாயைத் தடை பண்ண முடியாதுன்னு விலங்குகள் நல வாரியம் 2015லயே வழிகாட்டுதல் குடுத்துருச்சு. சென்னைன்னா மாநகராட்சி லைசென்ஸ் எடுத்துருங்க, ஆன்லைன்லயே பண்ணலாம், வெறிநோய் ஊசி போட்ட சர்டிபிகேட் வேணும். லிஃப்ட்ல லீஷ் இல்லாம கூட்டிட்டுப் போகாதீங்க, கக்காவை அள்ளிருங்க, பாதி சண்டை வராது.

பையன் அடுத்த வருஷம் டென்த்னா ஒண்ணு இப்பவே வாங்குங்க, இல்ல எக்ஸாம் முடியட்டும், குட்டி வந்த புதுசுல ராத்திரி யாருக்கும் தூக்கம் இருக்காது. அப்புறம் இன்னொரு கணக்கு இருக்கு, நாட்டு நாய் நல்லா பாத்துக்கிட்டா பன்னெண்டு பதிமூணு வருஷம் இருக்கும், பையன் நாலு வருஷத்துல ஹாஸ்டலுக்குப் பெட்டி கட்டிருவான். அதுக்கப்புறம் காலைல யாரு எந்திரிச்சு, ராத்திரி யாரு நடக்கறதுன்னு நீங்களும் உங்க வீட்டுக்காரரும் உக்காந்து பேசிட்டு குட்டியைப் பாக்கப் போங்க. எங்க வீட்ல ரெண்டு ஷிஃப்டும் அவருக்குத்தான்னு நான் முடிவு பண்ணிட்டேன், அவர்கிட்ட இன்னும் சொல்லல, பிஸ்தாவை விட்டுத்தான் சொல்லணும்.