பாப்பாவ ஏஐ கோர்ஸ்ல சேக்கலாமான்னு கேட்டீங்களே அண்ணா

அண்ணா, நீங்க அனுப்புன வாய்ஸ் மெசேஜ ரெண்டு தடவ கேட்டேன். 22 வருஷமா பனியன் கம்பெனில கட்டிங் மாஸ்டரா நின்னு வேலை பாத்து பாப்பாவ பி.காம் சிஏ (கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்) வரைக்கும் கொண்டு வந்துட்டீங்க, இப்ப கடைசி செமஸ்டர் முடியற நேரத்துல யாரோ வந்து இனிமே ஆபீஸ் வேலைன்னு ஒண்ணு இருக்காது எல்லாத்தையும் ஏஐ பாத்துக்கும்னு சொல்லிட்டு போயிட்டாங்க, உங்களுக்கு தூக்கம் போச்சு. 60,000 ரூவா கட்டி மூணு மாச ஏஐ கோர்ஸ்ல சேத்து விடட்டுமான்னு கேக்கறீங்க. என் பதில் வேண்டாங்கறதுதான். ஆனா ஏன்னு உங்களுக்கு புரியணும், அதனால கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுமையா படிங்க, பாப்பாவையும் பக்கத்துல உக்கார வெச்சுக்கோங்க.

பிள்ளைங்க படிப்பு, வேலை பத்தி யோசன கேட்டு எங்கிட்ட வர்ற பெத்தவங்க எல்லாரும் முதல்ல கேக்கறது எந்தெந்த வேலை போகும்னுதான். நான் அவங்கள முதலாளி பக்கம் நின்னு யோசிக்க சொல்றேன். ஒரு முதலாளி மாசாமாசம் காசு கட்டி இந்த ஏஐய வாங்கறாரே, அவருக்கு அதுல என்ன மிச்சமாகுது? அது தெரிஞ்சா பாப்பா எந்த நாற்காலிய பாத்து போகணும்னு தெரிஞ்சிடும்.

நான் நேர்ல பாத்தத சொல்றேன். அஞ்சு வருஷம் முன்னாடி எங்கிட்ட வந்த ஒரு பொண்ணு இப்ப நம்ம திருப்பூர்லயே ஒரு சின்ன எக்ஸ்போர்ட் கம்பெனில மெர்ச்சன்டைசரா, அதாவது பையரோட ஆர்டர ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் பாத்துக்கற ஆளா, இருக்கு. ஒரு நாள் காலைல அதோட பக்கத்துல உக்காந்து வேலை செய்யறத பாத்தேன். பையர்கிட்ட இருந்து டெக் பேக், அதாவது துணிய எப்படி தைக்கணும்னு எல்லா விவரமும் இருக்கற ஃபைல், வந்திருக்கு, 18 பக்கம், எல்லாம் இங்கிலீஷ். டி-ஷர்ட், 180 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணி 180 கிராம்) சிங்கிள் ஜெர்சி, கழுத்து ரிப், பிரிண்ட் எங்க வரணும், லேபிள் எப்படி, பாலிபேக் எப்படி, எல்லாம் அதுல இருக்கு. முன்னாடியெல்லாம் இத உக்காந்து படிச்சு, சாம்பிள் செக்‌ஷனுக்கு ஒரு தாள், ஃபேப்ரிக் இன்சார்ஜுக்கு ஒரு தாள்னு தமிழ்ல எழுதி குடுக்க அரை நாள் போயிடுமாம். இப்ப கம்பெனி காசு கட்டி வாங்கி வெச்சிருக்கற ஏஐல ஃபைல போட்டு, சாம்பிள் டெய்லருக்கு புரியற மாதிரி தமிழ்ல குடுன்னு கேட்டுச்சு, ஒரு டீ குடிச்சு முடிக்கறதுக்குள்ள வந்துருச்சு. அந்த அரை நாள்தான் முதலாளிக்கு லாபம். அந்த நேரத்துல இந்த பொண்ணு இன்னொரு பையரோட ஆர்டரையும் பாக்குது.

இனிதான் விஷயமே. வந்த தாள அந்த பொண்ணு அப்படியே பிரிண்ட் எடுக்கல, பேனாவோட வரி வரியா படிச்சுது. ஒரு எடத்துல நின்னுச்சு. "மார்பு சுற்றளவு 54 செ.மீ." டெக் பேக்ல இருந்தது அரை செஸ்ட் 54, அதாவது துணிய கீழ விரிச்சு போட்டு அக்குளுக்கு அக்குள் அளந்தது. இத உங்களுக்கு சொல்லணுமா என்ன! சுத்தளவு 54ன்னா அது சின்ன குழந்தைக்குத்தான் ஆகும். ஏஐக்கு அது தெரியாது, அது துணிய கைல தொட்டதில்ல, அடுத்து எந்த வார்த்தை வந்தா பொருத்தமா இருக்கும்னு பாத்து பாத்து எழுதற ஒரு சாஃப்ட்வேர், அவ்வளவுதான். தப்பா எழுதினாலும் அதே தெளிவோட, அதே தைரியத்தோட எழுதும். அதுதான் பயம்.

அந்த தப்பு அப்படியே போயிருந்தா என்ன ஆகும்னு அன்னைக்கே கணக்கு போட்டு பாத்தோம். பாடி நீளமும் கை நீளமும் தையலுக்கு விடற அலவன்ஸும் சேத்து 104 செ.மீ., அகலம் 54 கூட 4 சேத்து 58, ரெண்டு பக்கம், 180 ஜிஎஸ்எம். ஒரு பீஸுக்கு ஏறக்குறைய 217 கிராம் துணி. 54ங்கறது சுத்தளவுன்னு எடுத்தா பாதி 27, அலவன்ஸோட 31, அப்ப 116 கிராம்தான் வரும். பீஸுக்கு 100 கிராம் வித்தியாசம். 10,000 பீஸ் ஆர்டர்னா ஒரு டன் துணி குறைச்சலா காஸ்டிங் போட்டு விலை சொல்லிருப்பாங்க. ஒரு டன் அண்ணா! அந்த ஆர்டர்ல லாபம் எங்க இருக்கும்?

அதே நாள் சாயந்திரம் இன்னொண்ணு. பையருக்கு பதில் மெயில் எழுதி தரச் சொன்னா, ஏஐ ரொம்ப அழகா மரியாதையா எழுதிட்டு, நீங்க கேட்ட தேதில ஷிப்மென்ட் உறுதின்னும் சேத்து விட்டுருச்சு. சாயம் போடற டையிங்ல இருந்து துணி எப்ப வரும்னே தெரியாது! அந்த பொண்ணு அந்த வரிய எடுத்துட்டு, டையிங்குக்கு போன் போட்டு கேட்டுட்டுத்தான் மெயில அனுப்புச்சு. தேதி தவறுனா ஃபிளைட்ல அனுப்பற செலவு யார் தலைல விழும்னு அந்த பொண்ணுக்கு தெரியும், அந்த கம்பெனில எல்லாரும் ஒரு தடவையாவது பட்டிருக்காங்க.

நான் சொல்ல வர்றது இதுதாங்க. ஏஐ கம்பெனிக்கு லாபம் குடுக்குது, அதுல சந்தேகமே இல்ல. ஆனா தொழில் தெரிஞ்ச ஒருத்தர் கண்ணு அதுமேல இருக்கற எடத்துலதான் அந்த லாபம் கைல நிக்குது. உங்க பாப்பா எந்த வீட்டுல வளந்த பொண்ணு? அரை செஸ்ட்னா என்ன, ஜிஎஸ்எம்னா என்ன, மார்க்கர்ல (வெட்டற பாகங்கள துணில அடுக்கற வரைபடம்) எவ்வளவு துணி மிச்சம் பண்ணலாம்னு சோறு திங்கும்போதே காதுல விழுந்து வளந்த பொண்ணு. அந்த 60,000 ரூவா கோர்ஸ்ல இத எவனும் சொல்லித் தர முடியாது.

நம்ம ஊர்ல மட்டும் இப்படின்னு நெனைக்க வேண்டாம். சாட்ஜிபிடி 2022 நவம்பர் கடைசில வந்துச்சு, அதுக்கு அடுத்த வருஷமே அமெரிக்கால ஒரு ஆய்வு வெளியாச்சு. ஒரு பெரிய சாஃப்ட்வேர் கம்பெனியோட கஸ்டமர் சப்போர்ட்ல இருந்த 5,179 பேர வெச்சு பாத்தாங்க. ஏஐ பக்கத்துல இருந்து என்ன பதில் சொல்லலாம்னு எடுத்துக் குடுக்க, ஒரு மணி நேரத்துல தீத்து வெக்கற பிரச்சனைங்க சராசரியா 14 சதவீதம் கூடுச்சு. புதுசா சேந்தவங்களுக்கு 34 சதவீதம். நல்லா அனுபவம் இருந்தவங்களுக்கு பெருசா ஒண்ணும் மாறல. ஏன்னா அந்த ஏஐ கத்துக்கிட்டதே நல்லா வேலை செய்யறவங்க பேசுன பேச்சுல இருந்துதான், அந்த கைவாகு புதுசா வந்த பிள்ளைங்களுக்கு சீக்கிரம் வந்துருச்சு. ரெண்டு மாசம் வேலை பாத்த ஆளு ஆறு மாசம் பாத்த ஆளு மாதிரி செஞ்சாங்களாம்.

இத கேட்டு சந்தோஷமும் படலாம் கவலையும் படலாம். பாப்பா சீக்கிரம் வேலை கத்துக்கும், அது உண்மை. ஆனா முன்ன நாலு பேர எடுத்த எடத்துல முதலாளி ரெண்டு பேர் போதும்னு நெனைக்கறதும் உண்மை, அத உங்ககிட்ட மறைச்சு நான் என்ன பண்ண போறேன். வெறும் டைப்பிங், ஒரு எடத்துல இருக்கறத இன்னொரு எடத்துல காப்பி பண்ணி போடற டேட்டா என்ட்ரி, ஒரே மாதிரி மெயில் அடிக்கற வேலை, இதெல்லாம் தேயுது, அந்த பக்கம் பாப்பாவ அனுப்பாதீங்க.

ஆளே வேண்டாம்னு போன கம்பெனிங்க கதையும் இருக்கு. சுவீடன்ல கிளார்னான்னு ஒரு பேமென்ட் கம்பெனி, 2024ல எங்க ஏஐ 700 பேர் வேலைய செய்யுதுன்னு பெருமையா சொன்னாங்க, அடுத்த வருஷமே தரம் குறைஞ்சு போச்சு, கஸ்டமர்கிட்ட பேச மனுஷங்க வேணும்னு திரும்ப ஆள் எடுக்க ஆரம்பிச்சாங்க. ஏர் கனடாவோட சாட்பாட், வீட்ல சாவு விழுந்து அவசரமா டிக்கெட் போட்ட ஒருத்தருக்கு தப்பான சலுகை விதிய சொல்லிடுச்சு, அந்த கம்பெனி அதுக்கு நாங்க பொறுப்பில்லன்னு வாதாடி பாத்தும் 2024ல தீர்ப்பாயம் ஏத்துக்கல, காச குடுன்னுட்டாங்க.

பாப்பா படிச்சது காமர்ஸ், அதனால ஆடிட்டர் ஆபீஸ் பக்கமும் சொல்லிடறேன், எனக்கு அங்கதான் இன்னும் நல்ல வாய்ப்பு தெரியுது. ஜிஎஸ்டி நோட்டீஸ் வருது, 2பி-ல (சப்ளையருங்க காட்டுன பில்ல வெச்சு தானா வர்ற பட்டியல்) இருக்கற வரி கிரெடிட்டுக்கும் 3பி-ல (நாம போடற ரிட்டர்ன்) எடுத்த கிரெடிட்டுக்கும் ஒத்து வரலன்னு. அதுக்கு பதில் தயார் பண்ண முன்ன ஒரு நாள் ஆகும், இப்ப ஏஐ கிட்ட விவரத்த குடுத்தா ஒரு வரைவு உடனே வந்துடும். சின்ன ஆபீஸுக்கு இது பெரிய கை. ஆனா அதுல செக்‌ஷன் நம்பரும் இருக்கும், பழைய தீர்ப்பு பேரும் இருக்கும், அதுல ஒண்ணு ரெண்டு உலகத்துலயே இல்லாததா இருக்கும். நியூயார்க்ல 2023ல வக்கீலுங்க இப்படி ஏஐ குடுத்த, இல்லவே இல்லாத தீர்ப்புங்கள கோர்ட்ல குடுத்து 5,000 டாலர் அபராதம் வாங்குனாங்க. எனக்கே இப்படி நடந்திருக்கு. ஒரு பையனுக்கு ஸ்காலர்ஷிப் விவரம் கேட்டேன், திட்டத்து பேரு, கடைசி தேதி எல்லாம் கச்சிதமா குடுத்துச்சு, காலேஜ் ஆபீஸ்ல கேட்டா அப்படி ஒரு திட்டமே இல்லன்னாங்க. அந்த பையன் அத நம்பி வேற எதுக்கும் அப்ளை பண்ணாம இருந்திருந்தான்னா? அன்னைல இருந்து ஏஐ சொல்ற எதையும் மூலத்துல பாக்காம யாருக்கும் சொல்றதில்ல.

இன்னொண்ணு, ரகசியம். பையரோட காஸ்டிங் ஷீட்டையோ கிளையன்ட்டோட பேங்க் ஸ்டேட்மென்ட்டையோ இலவச ஏஐல கொண்டு போய் போடக் கூடாது. சாம்சங்லயே 2023ல ஊழியருங்க கம்பெனியோட புரோகிராம் கோட சாட்ஜிபிடில போட்டுட்டாங்கன்னு அத பயன்படுத்தவே தடை போட்டாங்க. எத போடலாம் எத போடக் கூடாதுன்னு தெரிஞ்ச பிள்ளைய எந்த முதலாளியும் விட மாட்டாரு, இத பாப்பா இன்டர்வியூல சொல்லட்டும்.

சரி, என்ன பண்றதுன்னு கேப்பீங்க. ரிசல்ட் வர்ற வரைக்கும் சும்மா இருக்க வேண்டாம். ஒரு ஆடிட்டர் ஆபீஸ்லயோ எக்ஸ்போர்ட் கம்பெனி அக்கவுன்ட்ஸ்லயோ ஆறு மாசம், சம்பளம் கம்மியா இருந்தாலும் பரவால்ல, உக்காரட்டும். டேலில பில் போடறதுல இருந்து ஜிஎஸ்டி ரிட்டர்ன் வரைக்கும் கையால செய்யட்டும். எக்ஸெல் நல்லா வரணும், பிவோட் டேபிள் போட தெரியலன்னா ஏஐ குடுக்கற கணக்கு சரியான்னு எத வெச்சு பாக்கும்? கமர்ஷியல் இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், ஷிப்பிங் பில், எல்சி (பணத்துக்கு பேங்க் குடுக்கற உத்தரவாதம்), இந்த பேப்பருங்க ஒண்ணுக்கொண்ணு எப்படி ஒத்துப் போகணும்னு ஒரு தடவ ஆள் பக்கத்துல நின்னு கத்துக்கணும். இங்கிலீஷ் பேச வரலன்னு பாப்பாவுக்கு கூச்சம்னு சொன்னீங்க, பேசறது மெதுவா வரும், ஆனா படிச்சு புரிஞ்சுக்கறது கண்டிப்பா வரணும், ஏன்னா ஏஐ எழுதுன மெயில்ல எந்த வரி வம்ப இழுக்கும்னு கண்டுபிடிக்கறது பாப்பாதான். ஏஐய பழக கோர்ஸ் எதுக்கு, இலவசமா கெடைக்கறத தெனமும் ஒரு மணி நேரம் வெச்சு வேலை வாங்கி பழகுனா போதும், எங்க தடுமாறுதுன்னு தானா தெரிஞ்சிடும். அந்த கோர்ஸ்ல சொல்லித் தர்ற பட்டனெல்லாம் ஆறு மாசத்துல மாறிடும்ங்க.

நீங்களும் ஒண்ணு பண்ணுங்க. ஞாயித்துக்கெழம பாப்பாவ உக்கார வெச்சு ஒரு டி-ஷர்ட்ட கீழ விரிச்சு அளக்க சொல்லுங்க. அந்த அளவ ஏஐ கிட்ட குடுத்து 1,000 பீஸுக்கு எத்தன கிலோ துணி வேணும்னு பாப்பா கேக்கட்டும், வேஸ்டேஜையும் சேத்து. நீங்க அத பாக்காம தனியா உங்க கணக்க ஒரு தாள்ல போடுங்க. அப்புறம் ரெண்டையும் வெச்சு எங்க வித்தியாசம் வருதுன்னு பாப்பாவே தேடி எழுதட்டும். அந்த தாள எடுத்துட்டு புதன்கெழம ரெண்டு பேரும் வாங்க, ரெஸ்யூமே போடும்போது அதையும் ஒரு வரியா சேக்கறேன், ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல எனக்கு ஒருத்தர தெரியும், பேசியும் வைக்கறேன். கோர்ஸ்காரங்களுக்கு அட்வான்ஸ் ஏதாவது குடுத்திருந்தீங்கன்னா ரசீதையும் கொண்டு வாங்க, திருப்பி வாங்க முடியுமான்னு பாக்கலாம்.